களத்தில் இருப்போர்

ஜெசிந்தா தன் மகனை அடக்கம் செய்த அதே ஆண்டின் ஆடி மாதத்தில், அவன் சுடப்பட்டுச் சாவதைப் பார்த்தாள்.

தூத்துக்குடி டவுன் பஸ். முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு கடற்கரை, கரும்புகை, துப்பாக்கியோடு குனிந்து ஓடும் சிப்பாய்கள். 'ரெட் ஷோர்' என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆல்ட்ரின் தின்ற நேரமும் தூங்கிய நேரமும் போக மீதி நேரமெல்லாம் கிடந்த விளையாட்டு அது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதைத் திருப்ப முடியவில்லை.

"ஏல மக்கா, பொறுல! ஒரு நிமிசம்!"

ஆல்ட்ரினின் குரல். சின்ன வயதில் தொண்டையில் ஆபரேஷன் செய்த பிறகு தங்கிவிட்ட கரகரப்பு உட்பட அவன் குரலேதான். அவள் திரும்பியபோது மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சிப்பாய் எழுந்தான். தலைக்கு மேலே அவன் பெயர் மிதந்தது: சிங்கி இறால். அவள் மகன் விளையாட்டில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அடுத்த நொடி அந்தத் தலை பின்னுக்குச் சாய்ந்தது.

"மண்டையில மாப்ள!" என்று பையன் துள்ளினான்.

ஜெசிந்தா அவன் தோளைத் தொட்டாள். "தம்பி, அது யாரு?"

"அதுவா ஆன்ட்டி? லெஜண்டு. நம்ம ஊர்க்காரருதான். செத்துப்போயிட்டாரு. ஆனா அவரு ஆட்டத்த அப்படியே எடுத்து வச்சிருக்காங்க. லெஜண்ட் பேக்குன்னு தனியா காசு கட்டி இறக்கணும். நம்ம டீம்லயும் வச்சுக்கிடலாம், எதிராளியாவும் நிப்பாட்டலாம். மண்டையில சுட்டா தங்கத் துப்பாக்கி."

"நெறைய பேரு சுடுவாங்களா?"

"நாள் பூரா சுடுவாங்க. அதுக்குத்தான ஆன்ட்டி காசு."

இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. துறைமுகம் வந்து, பஸ் காலியாகி, கண்டக்டர் வந்து சொன்ன பிறகுதான் அவள் எழுந்தாள்.

ஆல்ட்ரின் செத்தது ஒரு எண்ணுக்காக.

அந்த விளையாட்டின் மேல் மூலையில் எந்நேரமும் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். 'களத்தில் இருப்போர்' என்று அதன் மேல் எழுதியிருக்கும். உலகம் முழுக்க அந்த நிமிடத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற கணக்கு. ஈ ஓட்டும் ஹோட்டலுக்குள் நுழைய யாருக்கும் மனம் வராது அல்லவா? அது போல, எண் பெரிதாக இருந்தால்தான் புது ஆள் வருவான், புதுப் புதுப் பேக்குகளைக் காசு கொடுத்து வாங்குவான். எண் சரிய ஆரம்பித்தால் இருப்பவனும் போய்விடுவான். அந்த வருடம் எண் சரிய ஆரம்பித்திருந்தது. கம்பெனியின் துணைத் தலைவர் ரகோத்தமன், சம்பளத்துக்கு ஆடும் கெட்டிக்காரப் பையன்களைக் கூப்பிட்டு, புதிய சீசன் தொடங்கும் நாட்களில் யாரும் களத்தை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆல்ட்ரின் இறங்கவில்லை. அவள் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்தாள். மூன்றாம் நாள் நாற்காலியை விட்டு எழுந்தவன், "யம்மா, காலு மரத்துட்டு" என்று சிரித்தபடி இரண்டு எட்டு வைத்து விழுந்தான். உட்கார்ந்தே இருந்ததில் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்கு ஏறி அடைத்துவிட்டது என்றார் டாக்டர்.

ரகோத்தமன் விமானத்தில் வந்தார். சவப்பெட்டியை விடப் பெரிய மலர்வளையம் வைத்தார். "எங்க குடும்பத்துல ஒருத்தர் போன மாதிரி இருக்கும்மா" என்றார். கூட வந்தவன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டான்.

அவள் வீடு கோயிலுக்குப் பின்புறம். சாயங்கால மணி அடித்தால் வீட்டுப் பாத்திரமெல்லாம் லேசாக அதிரும். தினமும் அந்த மணிக்கு அவள் அடுப்படியிலிருந்து கத்துவாள். "மணி அடிச்சிட்டு. முழங்கால் போடுல, ஆல்ட்ரின்." ஹெட்போனைக் கழற்றாமலே அவன் சொல்வான், "பொறும்மா, ஒரு நிமிசம். நான் போடல, அவன் போட்டுட்டான் பாரு." திரையில் குண்டு மழைக்கு நடுவே அவனுடைய சிப்பாய் மணலில் முழங்காலிட்டிருப்பான். கூட ஆடுகிறவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். பலமுறை அப்படியே சுட்டு வீழ்த்தப்பட்டிருக்கிறான். அவளுக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். செபத்தை முடித்துவிட்டு, "சரி, எந்திரி. சாப்பிட வா" என்பாள். அப்போதுதான் சிப்பாய் எழுவான். சாப்பிடும்போது மீனின் வயிற்றுத் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, தனக்குச் சம்பந்தமே இல்லாதது போல வேறெங்கோ பார்ப்பான் அந்தப் பயல்.

அவள் கம்பெனிக்கு போன் செய்தாள். நாலைந்து பேர் கைமாற்றி ரகோத்தமனிடம் கொடுத்தார்கள்.

"எம் மவன சுடுதாங்க சார்."

"அது அவர் இல்லம்மா. அவர் ஆடின விதம். எப்படி ஓடுவார், எங்க பதுங்குவார், எப்ப சுடுவார், எல்லாத்தையும் சேத்துச் செஞ்ச ஒரு பிரதி."

"கொரலு?"

"அதுவும் பிரதிதான்."

"எடுத்துருங்க சார். உங்கள கெஞ்சிக் கேக்கேன்."

"ஆட்டத்துல சேரும்போதே 'ஒப்புக்கொள்கிறேன்'னு அழுத்தியிருக்காரும்மா. எல்லாரும் அழுத்துறதுதான்." அவர் குரல் குழைந்தது. "நீங்க இத வேற மாதிரிப் பாக்கணும். உங்க மகன் இன்னும் களத்துல நிக்கிறார். எத்தனை அம்மாவுக்கு இந்தக் கொடுப்பினை? உங்களுக்கும் ஒரு லெஜண்ட் பேக் இலவசமா அனுப்பச் சொல்றேன். எப்ப வேணா போய்ப் பாத்துக்கலாம்."

போனை வைத்த ஜெசிந்தா அழவில்லை. மறைமாவட்ட மாத இதழுக்குப் பிழை திருத்துகிறவள் அவள். இரண்டு முறை படித்தும் கண்ணில் படாத பிழை மூன்றாம் முறை தானாக எழுந்து நிற்கும் என்பது அவள் அனுபவம். அந்த ஆளிடமும் எங்கோ ஒரு பிழை இருக்கும். அது கண்ணில் படுகிற வரைக்கும் படிக்க வேண்டியதுதான்.

இலவசப் பேக் வந்து சேர்ந்தது. அவள் மகனின் நாற்காலியில் உட்கார்ந்து, அவனுடைய கணினியைத் திறந்து, அவனைக் கொன்ற விளையாட்டில் தன் சொந்தப் பெயரிலேயே சேர்ந்தாள்.

முதல் நாட்களில் அவமானம்தான். வானத்தைச் சுட்டாள். சொந்த அணிக்காரனைச் சுட்டாள். ஓடத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டே நின்றாள். ஹெட்போனில் நாடெங்குமிருந்து பையன்கள் சிரித்தார்கள். "ஜெசிந்தா ஆன்ட்டி, பால் பொங்குது, போய் அடுப்ப அணைங்க!" சிங்கி இறாலைத் தன் அணியிலேயே வைத்துக்கொண்டாள். ஆனால் அவன் அவளைத் தாண்டித் தாண்டி ஓடினான். பேக்கில் அவனுக்குக் கொடுத்திருந்தது நாலைந்து கூச்சல்கள் மட்டும். அவற்றையே திரும்பத் திரும்பக் கத்தினான். அவள் "ஆல்ட்ரின்" என்று கூப்பிட்டபோது திரும்பக்கூட இல்லை.

அவளோடு நின்று பேசியவன் ஒருவன்தான். அவன் பெயர் கட்டெறும்பு.

"ஆன்ட்டி, காக்கா சுடுறீங்களா?" என்றுதான் ஆரம்பித்தான்.

"நீயும் சிரிக்கணும்னா சிரிச்சிட்டுப் போ."

"சிரிச்சாச்சு. இப்ப கத்துக்குடுக்கறேன். எலியப் புடிச்ச மாதிரி மவுஸப் புடிக்காதீங்க, அது ஓடாது."

பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. இடது சுவரை ஒட்டி எப்படிப் போவது, குண்டு தீர்ந்த துப்பாக்கியை எப்போது மாற்றுவது, ஓசை வரும் திசையை எப்படிக் கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அவள் அவசரப்பட்டு ஓடினால், "பொறுங்க ஆன்ட்டி, பொறுங்க" என்பான். அவள் அடிபட்டுக் கிடந்தால் ஓடி வந்து மருந்துப் பையை அவள் காலடியில் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக் காவலுக்கு நிற்பான். விருதுநகரில் பாலிடெக்னிக் படிப்பதாகச் சொன்னான். குரல் மென்மையாக, நாடகத்தில் நடிப்பவன் குரல் போலச் சுத்தமாக இருந்தது. எப்போது போனாலும் இருந்தான்.

"காலேஜுக்குப் போறியா, இல்ல இங்கயே கெடக்கியா?"

"போகணும் ஆன்ட்டி. இன்னைக்கு என்ன கொழம்பு வச்சீங்க?"

தினமும் இதைக் கேட்பான். அவளும் சொல்வாள். ஒருவர் சாப்பாட்டுக்குக் குழம்பு வைப்பதை விட்டு வெகு நாளாகியிருந்தது. இவன் கேட்கிறானே என்று மறுபடி வைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா இருக்காங்களாப்பா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இருக்காங்க. ஆனா பேச்சுவார்த்த இல்ல."

"சண்டையா?"

"தெரியல ஆன்ட்டி" என்றான் கட்டெறும்பு. உடனே, "இடது பக்கம் ரெண்டு பேர் வராங்க, குனியுங்க" என்றான்.

கட்டெறும்பு இல்லாமல் அவள் தனியாக ஆடிய ஒரு சாயங்காலம்தான் அது நடந்தது. அன்று சிங்கி இறாலை எதிரிகள் சூழ்ந்துகொண்டு, விழ விழ எழுப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கத் துப்பாக்கிக்காக வரிசை கட்டி நின்றார்கள். அவள் அலறியதை யாரும் சட்டை செய்யவில்லை. அந்த நேரம் கோயில் மணி அடித்தது. சிங்கி இறால் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். ஆத்திரத்தில் அவள் வாயிலிருந்து பழைய வார்த்தை வந்துவிட்டது.

"மணி அடிச்சிட்டு. முழங்கால் போடுல, ஆல்ட்ரின்!"

அவன் நின்றான். துப்பாக்கியை இறக்கினான். மணலில் முழங்காலிட்டான்.

சுட வந்தவர்கள்கூட ஒரு கணம் திகைத்துப் போனார்கள். பிறகு சுட்டார்கள். ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதை எவனோ வீடியோ எடுத்து, 'ஆன்ட்டி அதட்டினால் லெஜண்டும் முட்டி போடுவான்' என்று கிண்டலாகப் போட்டிருந்தான். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் சம்யுக்தாவும் ஒருத்தி.

அந்த வாரமே சென்னையிலிருந்து வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். முப்பது வயது இருக்கும். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். ஆஸ்பத்திரிக்கு வந்தவள் போல நின்றாள்.

"நான் அந்தக் கம்பெனில வேலை பாத்தவ. போன மாசம் விட்டுட்டேன். ஆல்ட்ரினோட பதிவெல்லாம் என் கையாலதான் பிரிச்சேன். நீங்க என்ன அடிக்கணும்னா அடிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டு அடிங்கம்மா."

"உள்ள வா. அடிக்கது அப்புறம்."

அவள் உள்ளே வந்து, ஆல்ட்ரினின் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்போ களத்துல நாலு லட்சம் பேர்னு காட்டுது இல்ல? நான் வெளிய வர்றப்போ உண்மையான ஆளுங்க ஆயிரம்கூட இல்ல."

"மத்தவங்க?"

"பிரதிங்க. ஆடி அலுத்து விட்டுட்டுப் போனவங்க பேர்லயும், செத்தவங்க பேர்லயும் ஓடுது. எண் விழக்கூடாது, அவ்வளவுதான். பேரும் உடுப்பும் குரலும் வேற வேற. ஆனா உள்ள இருக்கறது ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா?"

சம்யுக்தா பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டினாள். "ஒவ்வொருத்தரையும் தனித்தனியா செய்ய நேரமும் பிடிக்கும், செலவும் ஆகும். அதனால நல்லா ஆடற ஒருத்தர அச்சா வச்சு எல்லாத்தையும் அதுலருந்து ஊத்திட்டோம். ஒண்ணுக்குக் கோவம் ஜாஸ்தி, ஒண்ணுக்குப் பயம் ஜாஸ்தின்னு மேலாக்க மாத்தினோம். அச்சு ஆல்ட்ரின்தான்."

ஜெசிந்தாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "சுடுதவனும் அவன்தானா? சாகுதவனும் அவன்தானா?"

"பெரும்பாலும். அன்னைக்குத் தங்கத் துப்பாக்கிக்கு வரிசை கட்டி நின்னவங்க மட்டும் நெஜ ஆளுங்க."

"பேசுமா அதுங்க?"

"கத்தும். பேசற மாதிரி செய்யணும்னு ஒரு பேச்சு இருந்துச்சு. நான் வெளிய வந்ததுக்கப்புறம் என்ன ஆச்சோ தெரியாது." அவள் நிமிர்ந்தாள். "அம்மா, அவர் தினம் சாயங்காலம் முழங்கால் போடுறதப் பதிவுல பாத்தோம். ஏன்னு எங்க யாருக்கும் விளங்கல. மைக்ல மணிச் சத்தம் கேட்டுது. சரி, மணிதான் காரணம்னு மணி அடிச்சு அடிச்சுப் பாத்தோம், பிரதி அசையவே இல்ல. பின்னால மெல்லிசா ஒரு பொம்பள குரல் கேக்கும். அத நாங்க வீட்டுச் சத்தம்னு ஒதுக்கிட்டோம். மிக்ஸி ஓடற மாதிரி, கதவு சாத்தற மாதிரி."

"வீட்டுச் சத்தம்" என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள்.

"நாங்கதான் ஒதுக்கினோம். அவர் ஒதுக்கல. அது அச்சுல இருக்கு. நாலு லட்சத்துலயும் இருக்கு."

மூன்றாம் முறை படிக்கையில் எழுந்து நிற்கும் பிழை அது. ஜெசிந்தா அதைக் கண்டுகொண்டாள். அவளுடைய முகம் மாறியதைப் பார்த்து சம்யுக்தா வேகமாகப் பேசினாள்.

"கல்லறைத் திருநாள் அன்னைக்கு சாயங்காலம் சீசன் இறுதிச் சுற்று. எல்லாரும் ஒரே களத்துல ஆடுவாங்க. சென்னையில அரங்கம் எடுத்து, பெரிய திரை வச்சு, டிவில நேரலை. கம்பெனிய வாங்க வெளிநாட்டுக்காரங்க வந்து முன்வரிசையில உக்காருவாங்க. அவங்க வாங்கறதே அந்த எண்ணைப் பாத்துத்தான். ஒரு விதி இருக்கு. மூணு நிமிஷம் அசையாம இருந்தா கணக்குலருந்து தானா நீக்கிரும். ஆளே இல்லாம எண்ணிக்கைய ஏத்துறாங்கன்னு ஒருதடவ புகார் வந்தப்போ, நாங்க யோக்கியமானவங்கன்னு காட்டறதுக்கு ரகோத்தமன் சாரே கொண்டுவந்த விதி. ஓடற ஆட்டத்துல அத நிறுத்த முடியாது."

"எங் கொரலு அம்புட்டு பேருக்கும் எப்படிக் கேக்கும்? பக்கத்துல நிக்கவனுக்குத்தான கேக்கும்?"

"லெஜண்ட் பேக் வாங்கினவங்களுக்குப் 'போர் முழக்கம்'னு ஒண்ணு குடுத்திருக்காங்க. ஆட்டத்துக்கு ஒருதடவ, களம் முழுக்கக் கேக்கும்."

அந்த ஆள் இலவசமாகக் கொடுத்த பேக். ஜெசிந்தா அன்றுதான், மகன் போன பிறகு முதல் முறையாக, வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சம்யுக்தாவுக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, இன்னொண்ணு. இது வெளிய வந்துட்டா எல்லாப் பிரதியையும் அழிச்சுருவாங்க. ஆல்ட்ரின்ல மிச்சம் இருக்கற ஒண்ணும் போயிடும். குரல்கூட."

"ஒருதடவ மண்ணள்ளிப் போட்ட கை இது. இன்னொரு தடவ போடாதா?" ஜெசிந்தா எழுந்து உலை வைக்கப் போனாள். "எனக்கு அந்த ஆளு மொகத்தப் பாக்கணும். அது போதும்."

"அதுவரைக்கும் அந்த வார்த்தைய ஆட்டத்துல சொல்லிடாதீங்க. யாராவது கண்டுபிடிச்சுட்டா பேக்க வாபஸ் வாங்கிருவாங்க."

அவள் சொல்லவில்லை. மணி அடிக்கும் நேரத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலிட்டாள். செபத்தில் மனம் நிற்கவில்லை. மேடையில் நிற்கும் ரகோத்தமனின் முகம் எப்படிக் கோணும் என்று விதவிதமாக எண்ணிப் பார்த்தாள். அது பாவம் என்று தெரியும். தெரிந்தும் எண்ணினாள்.

கட்டெறும்பிடம் மட்டும் பாதி சொன்னாள்.

"இறுதிச் சுற்றுக்கு நீ எம் பக்கத்துலயே நிக்கணும் தம்பி. ஒரு வேடிக்க காட்டுதேன்."

"என்ன வேடிக்க?"

"ஒருத்தனத் தலைகுனிய வைக்கப் போறேன். எம் பையனுக்காக."

"உங்க பையன் என்ன செஞ்சான்?"

"அவன் ஒண்ணும் செய்யல. ஆடுனான். அம்புட்டுத்தான்."

"பொறுங்க, மருந்து தரேன்" என்றான் கட்டெறும்பு. அவளுக்கு அடிபட்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. "நிக்கறேன் ஆன்ட்டி. நான் எங்க போகப் போறேன்?"

கல்லறைத் திருநாளன்று காலையில் ஆல்ட்ரினின் கல்லறையைக் கழுவி, சாமந்தி தூவி, மெழுகுவர்த்தி ஏற்றினாள். சாயங்காலம் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சம்யுக்தா டிவியின் முன்னால் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அரங்கத்தில் ரகோத்தமன் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். அவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அந்த எண்: நாலு லட்சத்துச் சொச்சம்.

"உலகத்திலேயே உயிர்த்துடிப்புள்ள களம் இது!" என்றார். முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள்.

களத்தில் கடற்கரை முழுக்க ஆட்கள். குண்டுச் சத்தத்தில் காது அடைத்தது. ஜெசிந்தா இடது சுவரை ஒட்டியே போய், கட்டெறும்பு சொல்லிக்கொடுத்த மேட்டில் ஏறினாள். அவள் பின்னாலேயே அவனும் ஏறி வந்தான். கீழே சற்றுத் தள்ளி சிங்கி இறால் சுட்டுக்கொண்டிருந்தான்.

கோயில் மணி அடித்தது. அலமாரியில் பாத்திரங்கள் அதிர்ந்தன.

பல வருடமாகப் பூசையில் வாசகம் வாசித்த குரல் அவளுடையது. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை எட்டும். போர் முழக்கத்தின் பொத்தானை அழுத்தினாள்.

"மணி அடிச்சிட்டு. முழங்கால் போடுல, ஆல்ட்ரின்."

முதலில் சிங்கி இறால். அப்புறம் அவனைச் சுடக் குறிவைத்திருந்தவன். அப்புறம் மேட்டைச் சுற்றி இருந்தவர்கள், மதிலோரம் நின்றவர்கள், தண்ணீரில் இடுப்பளவு நின்றவர்கள். காற்று நெல் வயலைச் சாய்த்துக்கொண்டு போவது போலக் கடற்கரையின் முனை வரை சாய்ந்துகொண்டே போனது. நாலு லட்சம் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்த விளையாட்டில் அலை ஓசை என்று ஒன்று இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

இங்கொருவன் அங்கொருவனாக உயிருள்ளவர்கள் மட்டும் நின்றார்கள். "நெட் லேக் ஆயிருச்சா?" என்று எவனோ கேட்டான். "டேய், இங்க யாருமே இல்லடா" என்றான் இன்னொருவன்.

டிவியில் ரகோத்தமனின் முகம். ஜெசிந்தா எண்ணிப் பார்த்திருந்த எந்த விதத்திலும் அது கோணவில்லை, வெறுமனே வெளுத்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு ஓடினார். அவள் மேசையில் இருந்த போன் அடித்தது.

"அம்மா, முழக்கம் போட்டதுன்னு களத்துல வந்தது உங்க பேரு. நீங்கதானே? அவங்கள எழுந்திருக்கச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க சார். உங்க குடும்பத்துல ஒருத்தருதான?"

"விளையாடாதீங்கம்மா! இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. நீங்க ஒரே ஒருதடவ சொன்னா போதும், அதப் பிடிச்சுக் களம் முழுக்க நாங்க போட்டுருவோம். பேக்க நிறுத்திடறேன். யாரும் அவரச் சுடமாட்டாங்க. உங்களுக்கே உங்களுக்குன்னு, பேசற மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன். ஏற்கெனவே சோதனைக்குக் களத்துல விட்டிருக்கோம், நல்லாவே பேசுது, கூட இருக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியல..."

"எண்ணு விழக்கூடாதுன்னு எம் மவன உக்கார வச்சீங்கள்லா?" என்றாள் ஜெசிந்தா. "இப்ப விழுது. நல்லாப் பாருங்க."

போனை வைத்துவிட்டாள். உடம்பெல்லாம் குளிர்ந்து, லேசாகி, பல மாதமாக நெஞ்சுக்குள் இருந்த கல் ஒன்று இறங்கியது போல இருந்தது. இதைச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"பாத்தியா தம்பி?" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே திரும்பினாள். "எப்படி வேடிக்க?"

கட்டெறும்பு நிற்கவில்லை.

அவள் பக்கத்திலேயே, சொன்ன சொல் மாறாமல் நின்ற இடத்திலேயே, முழங்காலிட்டிருந்தான். துப்பாக்கி இறங்கியிருந்தது. மருந்துப் பையை அவள் காலடியில் போட்டிருந்தான். முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"தம்பி?"

அலை ஓசை மட்டும் கேட்டது.

டிவியில் கூச்சல் எழுந்தது. சம்யுக்தா எழுந்து நின்றாள். "விழுதும்மா! விழுது!" திரையின் மேல் மூலையில் எண் சரிந்துகொண்டிருந்தது. கடற்கரையின் தூரத்து முனையில் முழங்காலிட்டவர்கள் கொத்துக் கொத்தாக மறைந்தார்கள். சிங்கி இறால் என்ற பெயர் அணைந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று தினமும் கேட்டவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுப்ப ஒரு வார்த்தை போதும். அது அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்தால் பிடித்துக்கொள்ள அங்கே அந்த ஆள் காத்திருப்பதும் தெரியும்.

ஜெசிந்தா மைக்கின் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய வயர் கையில் இருக்க, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், அடுப்படியிலிருந்து சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"சரி, எந்திரி. சாப்பிட வா."

அவன் எழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு அந்த இடத்தில் மணல் இருந்தது. மணலில் மருந்துப் பை இருந்தது.

"முடிஞ்சுது" என்றாள் சம்யுக்தா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அறுநூத்திச் சொச்சம். வெறும் அறுநூத்திச் சொச்சம்மா! அவர் மேடையில இல்ல, ஓடிட்டார். ஜெயிச்சுட்டோம்." திரும்பிப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா? யாரத் தேடறீங்க?"

ஜெசிந்தா அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேல் குழம்பு கொதித்துக் கருகும் வாடை வந்தது. அவள் எழுந்து போய் அணைக்கவில்லை.